இரண்டு அமினோ அமிலங்களும் 19 லட்சம் கோழிகளும்: ஆஸ்திரேலியாவின் வெள்ளைக்கழிச்சல், ஒரு மரபணு ஆய்வு

1998 செப்டம்பரில் சிட்னியின் மேற்குப் புறநகரான டீன் பார்க்கில் ஒரு கோழிப் பண்ணையில் நோய் கண்டது. ஆய்வக முடிவு வந்ததும் அதிகாரிகள் அதிர்ந்துபோயினர். அது வீரியமிக்க நியூகாசில் நோய். ஆஸ்திரேலியாவில் அந்த நோய் 1930-லும் 1932-லும் விக்டோரியா மாநிலத்தில் தலைகாட்டி, அடியோடு ஒழிக்கப்பட்டிருந்தது. அறுபத்தாறு ஆண்டுகள் நாட்டில் எங்குமே இல்லாத நோய், கடல் சூழ்ந்த ஒரு கண்டத்தில், உயிருள்ள பறவைகளின் இறக்குமதியை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் ஒரு நாட்டில், மறுபடியும் எப்படி முளைத்தது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் என்னை இந்த வழக்கைப் பற்றி எழுத வைக்கிறது.

நோய் நமக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வெள்ளைக்கழிச்சல் என்றும் கோழிக்கழிச்சல் என்றும் சொல்வது இதைத்தான். கால்நடை மருத்துவர்கள் இராணிக்கெட் நோய் என்பார்கள். 1926-ல் ஜாவாவில் கிரானெவெல்ட் இதை விவரித்தார். அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்ட நோயை 1927-ல் டாயில் விவரித்து, நோய்க்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்தார். ஏறக்குறைய அதே சமயம் இமயமலை அடுக்குகளில் உள்ள இராணிக்கெட்டில் பரவிய நோயை முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தின் எட்வர்ட்ஸ் பதிவு செய்தார். ஆக, இரண்டு ஊர்களின் பெயர்களைத் தாங்கி நிற்பது ஒரே நோய்தான்.

நோய் முற்றிய கோழியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் சிறகு தொங்கும். வாயைத் திறந்து மூச்சிழுக்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடித்த கோழிக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு, தலை முதுகுப் பக்கமாகத் திரும்பிவிடும். பசி இருக்கும், தானியத்தையும் பார்க்கும். கொத்தப் போனால் அலகு குறி தவறி வெறும் தரையில் விழும். தடுப்பூசி போடாத வளவில் நுழைந்துவிட்டால் ஒரு வாரத்தில் கூடு காலி.

வைரஸின் பூட்டு

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள வைரஸின் ஒரே ஓர் இடத்தை மட்டும் அறிந்தால் போதும். நியூகாசில் வைரஸின் மரபுப் பொருள் ஒற்றை இழை ஆர்என்ஏ. பல வகைகளில் அதன் நீளம் 15,186 எழுத்துகள். மரபணுக்கள் ஆறு. அவற்றுள் ஒன்று இணைவுப் புரதத்தை உருவாக்குகிறது. வைரஸின் உறையைக் கோழியின் உயிரணுச் சவ்வோடு ஒட்டவைத்து, உள்ளே நுழைய வழி திறப்பது அந்தப் புரதம்தான்.

ஆனால் அது பூட்டிய நிலையில்தான் உருவாகிறது. 553 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலியாக வெளிவரும் புரதத்தை, 116-ஆவது அமினோ அமிலத்துக்கும் 117-ஆவதுக்கும் இடையில் கோழியின் நொதி ஒன்று வெட்டித் தர வேண்டும். வெட்டப்படாத புரதத்தைச் சுமந்த வைரஸ் எந்த உயிரணுவுக்குள்ளும் நுழைய முடியாது. தன் பூட்டைத் திறக்கும் சாவியை வைரஸ் கொண்டுவருவதில்லை, அதற்குக் கோழியின் உடலையே நம்பியிருக்கிறது.

எந்தச் சாவி என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வெட்டும் இடத்தைச் சுற்றி அர்ஜினின், லைசின் போன்ற கார அமினோ அமிலங்கள் குறைவாக இருந்தால், டிரிப்சின் போன்ற நொதிகளால் மட்டுமே வெட்ட முடியும். அவை கோழியின் மூச்சுக்குழாயிலும் குடலிலும்தான் உண்டு. வைரஸ் அங்கேயே தங்கிச் சிறு சளியோடு போய்விடும். பல சமயம் நோய்க்குறியே தெரியாது. கார அமினோ அமிலங்கள் அடர்ந்திருந்து, 117-ஆவது இடத்தில் ஃபினைலலனின் நின்றால், ஃபியூரின் என்ற நொதி வெட்டிவிடும். ஃபியூரின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் இருக்கிறது. அப்போது மூளை, மண்ணீரல், இதயம் என எதுவும் மிஞ்சுவதில்லை.

ஜீலாங் ஆய்வகத்தில் கண்டது

நோயுற்ற கோழிகளின் மாதிரிகள் விக்டோரியாவின் ஜீலாங் நகரில் உள்ள ஆஸ்திரேலிய விலங்கு நல ஆய்வகத்துக்குச் சென்றன. இத்தகைய மாதிரிகளை வழக்கமாக ஒன்பது முதல் பதினோரு நாள் கரு வளர்ந்த கோழிமுட்டைகளில் செலுத்தி வைரஸை வளர்ப்பார்கள். அதன் வீரியத்தை அளக்கும் சோதனை பழையது, கொடுமையானதும்கூட. நோய்க்கிருமியற்ற முட்டைகளிலிருந்து பொரித்த ஒரு நாள் குஞ்சுகள் பத்தின் மூளையில் வைரஸைச் செலுத்தி, எட்டு நாள், நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். நலமாக இருக்கும் குஞ்சுக்குச் சுழியம், நோயுற்றதற்கு 1, இறந்ததற்கு 2 மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சுழியத்துக்கும் இரண்டுக்கும் இடையில் ஓர் எண் கிடைக்கும். அது 0.7 அல்லது அதற்கு மேல் இருந்தால் உலக விலங்கு நல அமைப்பின் வரையறைப்படி வீரிய நோய். மரபணு வரிசையைப் படிக்க எட்டு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. எத்தனையோ குஞ்சுகளும் அதனால் பிழைக்கின்றன.

இணைவுப் புரதத்தின் 112 முதல் 117 வரையுள்ள ஆறு இடங்களைப் படித்தபோது கிடைத்த வரிசை இது: அர்ஜினின், அர்ஜினின், குளுட்டமின், அர்ஜினின், அர்ஜினின், ஃபினைலலனின். பாடநூலில் வரும் வீரிய வைரஸின் வரிசை அப்படியே.

இது வரை வியப்பில்லை. அடுத்த கேள்வி, இந்த வைரஸ் யாருக்கு உறவு என்பது. இங்கேதான் வழக்கு திரும்பியது. அந்தக் காலத்தில் ஆசியாவையும் ஐரோப்பாவையும் ஆட்டிப்படைத்த வீரிய வைரஸ்கள் பெரும்பாலும் ஐந்து, ஆறு, ஏழு என எண்ணிடப்பட்ட மரபணு வகைகளைச் சேர்ந்தவை. சிட்னி வைரஸ் அவற்றில் எதோடும் சேரவில்லை. அது முதலாம் மரபணு வகையில் போய் உட்கார்ந்தது. அந்த வகையில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே சாதுவான வைரஸ்கள்: வட அயர்லாந்தின் அல்ஸ்டர், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1966-ல் பிரித்தெடுக்கப்பட்ட வி4. வீரிய வைரஸ் ஒன்று சாதுக்களின் வீட்டில் பிறந்திருக்கிறது என்றால், வெளியூர் விருந்தாளியைத் தேடுவதில் பொருளில்லை.

எனவே தேடல் உள்ளூருக்குத் திரும்பியது. ஆஸ்திரேலியக் கோழிகளில் சாதுவான நியூகாசில் வைரஸ்கள் சுற்றிக்கொண்டிருப்பது அறுபதுகளிலிருந்தே தெரிந்த செய்தி. அவற்றால் இழப்பு இல்லாததால் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. ஜீலாங் ஆய்வகத்தின் ஆலன் கூல்டும் அவருடைய குழுவினரும் பண்ணைகளில் புதிதாக எடுத்த மாதிரிகள், சேமிப்பிலிருந்த பழைய வைரஸ்கள் என ஒவ்வொன்றின் மரபணு வரிசையையும் படித்தார்கள். சிட்னிக்கு வடக்கே பீட்ஸ் ரிட்ஜ் என்ற இடத்தின் பெயரால் அழைக்கப்படும் ஒரு சாதுவான வைரஸில் அந்த ஆறு இடங்களும் இப்படி இருந்தன: அர்ஜினின், அர்ஜினின், குளுட்டமின், கிளைசின், அர்ஜினின், லியூசின்.

இரண்டு வரிசைகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 115-ஆவது இடத்தில் கிளைசின் போய் அர்ஜினின் வந்திருக்கிறது. 117-ஆவது இடத்தில் லியூசின் போய் ஃபினைலலனின் வந்திருக்கிறது. மற்ற நான்கும் அப்படியே. வெட்டும் இடத்துக்கு வெளியிலும் இரு வைரஸ்களும் மிக நெருங்கிய உறவினர்கள். கிளைசின் அர்ஜினினாக மாறவும், லியூசின் ஃபினைலலனினாக மாறவும் மரபுக்குறியீட்டு அட்டவணைப்படி தலா ஓர் எழுத்துப் பிழையே போதும்.

நான் முதன்முதலில் இந்த ஒப்பீட்டைப் பார்த்தபோது நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. பதினைந்தாயிரம் எழுத்துள்ள ஒரு நூலில் இரண்டு அச்சுப்பிழை. அதன் விலை ஊர் ஊராகக் கோழிகள்.

வி4 ஏன் குற்றவாளி இல்லை

நல்ல ஆய்வு முதலில் கிடைத்த சந்தேக நபரோடு நின்றுவிடாது. நாட்டில் பரவலாகத் தெரிந்த சாதுவான வைரஸ் வி4. அதுவே மாறியிருக்கலாம் அல்லவா? வரிசை அதை மறுத்தது. வி4-இன் ஆறு இடங்கள் கிளைசின், லைசின், குளுட்டமின், கிளைசின், அர்ஜினின், லியூசின். அது வீரிய வடிவத்தை அடைய இரண்டல்ல, நான்கு அமினோ அமிலங்கள் மாற வேண்டும். இன்னொரு சான்றும் இருந்தது. வைரஸ் உயிரணுவைப் பற்றிக்கொள்ள உதவும் எச்என் புரதத்தின் வால் நீளம் வைரஸுக்கு வைரஸ் வேறுபடும். வி4-இல் அந்தப் புரதம் 616 அமினோ அமிலங்கள் கொண்டது, மிக நீண்ட வால். பீட்ஸ் ரிட்ஜ் வைரஸிலும் சிட்னியின் வீரிய வைரஸிலும் வால் அதைவிடக் குட்டை, இரண்டிலும் ஒரே அளவு. வெட்டும் இடத்தில் இரண்டு எழுத்து தற்செயலாக ஒத்துப்போகலாம். வாலும் சேர்ந்து ஒத்துப்போகும்போது உறவை மறுப்பது கடினம்.

மரபணு ஆய்வை மேலோட்டமாகப் படிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப்போய்விடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். "வைரஸ் மாறிவிட்டது" என்ற ஒற்றை வரிச் செய்தியில் எது எதிலிருந்து மாறியது என்ற விவரம் காணாமல் போகிறது. பீட்ஸ் ரிட்ஜ் வைரஸின் தனிச்சிறப்பே, அது ஏற்கெனவே பாதி தூரம் வந்திருந்தது என்பதுதான். 112, 113 ஆகிய இரு இடங்களிலும் அர்ஜினின் அமர்ந்துவிட்டிருந்தது. எல்லாச் சாதுக்களும் ஒரே அளவு சாதுக்கள் அல்ல.

ஆர்என்ஏவை நகலெடுக்கும் வைரஸ் நொதி தன் பிழையைத் தானே திருத்துவதில்லை. ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகள், ஒவ்வொன்றின் மூச்சுக்குழாயிலும் கணக்கற்ற நகல்கள். எங்கோ ஒரு நகலில் தேவையான பிழை விழத்தான் செய்யும். பின்னாளில் ஜீலாங் குழுவினர், சாதுவானவை என்று வகைப்படுத்தப்பட்ட மாதிரிகளுக்குள்ளேயே வீரிய வரிசை கொண்ட நகல்கள் மிகச் சிறுபான்மையாகக் கலந்திருப்பதைக் கண்டார்கள். அதாவது மாதிரிக் குழாயில் இருப்பது ஒரு வைரஸ் அல்ல, ஒரு கூட்டம். பெரும்பான்மையின் பெயரை முழுக் கூட்டத்துக்கும் வைத்துவிடுகிறோம்.

இப்படி நடக்கும் என்பதற்கு வேறு சாட்சிகளும் உண்டு. 1990-ல் அயர்லாந்தில் கண்ட வீரிய வைரஸ், நீர்ப்பறவைகளில் அதற்கு முன்பே எடுக்கப்பட்ட சாதுவான வைரஸுக்கு மிக நெருங்கியதாக இருந்தது. 2002-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை ஆய்வகத்திலேயே நிகழ்த்திக் காட்டினார்கள். காட்டு நீர்ப்பறவையிலிருந்து எடுத்த, நோய் உண்டாக்காத வைரஸைக் குஞ்சுகளின் காற்றுப்பைகள் வழியாக ஒன்பது முறையும், பிறகு மூளை வழியாக ஐந்து முறையும் கடத்தினார்கள், அதாவது ஒரு குஞ்சில் பெருகிய வைரஸை எடுத்து அடுத்த குஞ்சுக்குச் செலுத்தினார்கள். இறுதியில் கிடைத்தது கோழியைக் கொல்லும் வைரஸ். சிட்னியில் கொட்டகைகள் செய்ததை அவர்கள் ஊசியால் செய்தார்கள்.

மாங்க்ரோவ் மவுண்டன்

வைரஸ் எங்கிருந்து வந்தது என்று ஆய்வகம் எண்ணிக்கொண்டிருந்த வேளையில் களம் கைமீறியது. 1999 ஏப்ரலில் சிட்னிக்கு வடக்கே மாங்க்ரோவ் மவுண்டன் பகுதியில் நோய் உறுதியானது. பழத்தோட்டங்களும் கோழிப் பண்ணைகளும் நெருக்கமாக அமைந்த மேட்டுநிலம் அது. பீட்ஸ் ரிட்ஜும் அதன் அக்கம்பக்கம்தான். நோயை வேரோடு பிடுங்க, ஏறக்குறைய 19 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. நோய் வந்தவையும் வராதவையும் இந்தக் கணக்கில் சேர்த்தி. நாட்டின் கால்நடை வரலாற்றிலேயே பெரிய ஒழிப்பு நடவடிக்கைகளுள் ஒன்று இது.

இந்த முடிவைப் பற்றி எனக்கு இரண்டு எண்ணம் உண்டு. நோய் வெளியிலிருந்து வந்திருந்தால், வந்த பொறியை அணைப்பதற்குக் கொன்று புதைப்பதே சரியான வழி. ஆனால் தாய் வைரஸ் சுற்றுவட்டாரக் கொட்டகைகளில் உயிரோடு இருக்கும்போது, கொல்வது விறகை விட்டுவிட்டு நெருப்பை மட்டும் அணைப்பதாகும். அதே சமயம், ஏப்ரலில் அதிகாரிகளின் இடத்தில் இருந்திருந்தால் நானும் கொல்லத்தான் சொல்லியிருப்பேன். வீரிய வைரஸ் ஒரு முறை மாநிலம் தாண்டிப் பரவிவிட்டால், அது எங்கே பிறந்தது என்ற ஆராய்ச்சியால் பயனில்லை. 2000-லும், சிட்னி அமைந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நோய் மீண்டும் தென்பட்டது. ஒழிப்பு மட்டும் போதாது என்பது அப்போது கண்கூடு.

மரபணு வரிசை காட்டிய வழியில்தான் கொள்கையும் மாறியது. பண்ணைக் கோழிகளுக்குத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த உயிர்த் தடுப்பு மருந்து எது தெரியுமா? அந்த வி4 தான். வீரியத்திலிருந்து நான்கு படி தள்ளி நிற்கும் வைரஸைக் கோழிகளில் நிரப்பிவிட்டால், இரண்டு படி தள்ளி நிற்கும் வைரஸ் பெருக இடம் கிடைக்காது. பெருக்கம் குறைந்தால் பிழைகளும் குறையும். நோயைத் தடுப்பதோடு நோயின் மூதாதையையும் துரத்துவது என்ற இந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆறு அமினோ அமிலங்களை எண்ணிப் பார்க்காமல் இந்த முடிவுக்கு யாரும் வந்திருக்க முடியாது.

வி4-க்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதன் வெப்பம் தாங்கும் வகையை மலேசியாவில் தீவனத்தோடு கலந்து நாட்டுக்கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்பிராட்ப்ரோ அதே பாதையில் உருவாக்கிய ஐ-2 என்ற வகை, குளிர்பதன வசதி எட்டாத வியட்நாம், தான்சானியா, மொசாம்பிக் கிராமங்களில் கோழிகளின் கண்ணில் சொட்டு மருந்தாக விழுகிறது. சாதுவான வைரஸ் ஒன்று காப்பதும் அதன் ஒன்றுவிட்ட சகோதரன் கொல்வதும் ஒரே குடும்பத்துக் கதை.

ஆறு இடங்கள் எல்லாவற்றையும் சொல்லுமா?

சொல்லாது. அதற்குச் சான்று நம் ஊர்க் குளிர்பதனப் பெட்டியிலேயே இருக்கிறது. எட்டு வார வயதை ஒட்டிய கோழிகளுக்கு இறக்கையின் கீழ் போடும் ஆர்2பி தடுப்பூசி, முக்தேஸ்வர் என்ற வகையிலிருந்து வந்தது. 1940-களில் ஹேடோ, இட்னானி என்ற ஆய்வாளர்கள் கரு வளரும் முட்டைகளில் திரும்பத் திரும்பக் கடத்தி அதன் வீரியத்தைத் தணித்தார்கள். அதன் வெட்டும் இடத்தைப் படித்தால் அர்ஜினின், அர்ஜினின், குளுட்டமின், அர்ஜினின், அர்ஜினின், ஃபினைலலனின். சிட்னியில் கண்ட அதே வரிசை! ஆனாலும் வளர்ந்த கோழியை அது கொல்வதில்லை, நல்ல எதிர்ப்பாற்றலைத் தருகிறது. இளங்குஞ்சுக்குப் போட்டால் ஆபத்து என்பதால்தான் முதல் வாரத்தில் லசோட்டா அல்லது எஃப் என்ற சாதுவான வைரஸ் வகையைச் சொட்டு மருந்தாகக் கொடுத்து, ஆர்2பி-ஐப் பின்னால் வைக்கிறோம்.

ஆகவே பூட்டு ஃபியூரினுக்குத் திறந்தாலும், உள்ளே நுழைந்த வைரஸ் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, கோழியின் எதிர்ப்பை எப்படி ஏமாற்றுகிறது என்பதெல்லாம் மற்ற மரபணுக்களின் கையில் இருக்கிறது. வெட்டும் இடத்தின் வரிசை முதல் எச்சரிக்கை மணி. குஞ்சுச் சோதனையும் களத்தில் கோழி படும் பாடும் அதற்குத் துணை நிற்க வேண்டும். சிட்னி வழக்கில் மூன்றும் ஒரே திசையைக் காட்டின. எல்லா வழக்கிலும் அந்த வாய்ப்பு அமையாது.

தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியை ஒட்டி நடக்கும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் கோழிகளைக் கூடையில் போட்டுத் தூக்கி வரும் பெண்களுக்கு இந்த எண்கள் எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த ஊரில் நோய் வந்தபின் மாதிரி எடுக்கும் கால்நடை உதவி மருத்துவருக்குத் தேவை. செத்த கோழியிடம் மட்டும் மாதிரி எடுத்து அனுப்பும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. பீட்ஸ் ரிட்ஜ் வைரஸ் போன்ற ஒன்று செத்த கோழியில் கிடைக்காது. அது கிடைப்பது சும்மா இரண்டு தும்மல் தும்மிவிட்டு மேயப் போன கோழியின் தொண்டையில்.

2002-ல் விக்டோரியாவின் மெரெடித்திலும் நியூ சவுத் வேல்ஸின் ஹார்ஸ்லி பார்க்கிலும் நோய் மறுபடியும் தலைகாட்டி அடக்கப்பட்டது. தடுப்பூசித் திட்டம் தொடர்ந்தது.

பிறகு 2011 ஆகஸ்டில் மெல்போர்ன் பகுதியில் வளர்ப்புப் புறாக்கள் கழுத்து முறுக்கி விழத் தொடங்கின. ஜீலாங் ஆய்வகத்தில் மீண்டும் அதே கேள்வி, அதே முறை. இந்த முறை வைரஸ் முதலாம் வகையில் உட்காரவில்லை. வெளிநாட்டுப் புறாக்களில் சுற்றும் ஆறாம் மரபணு வகையோடு போய்ச் சேர்ந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் "உள்ளூர்" என்று சொன்ன அதே வரிசைப்படுத்தல், இப்போது "வெளியூர்" என்றது.